கொசுவலை இரவுக்கு மட்டும் போதுமா? மருத்துவர் பதில்

கேள்வி: பினாங்கு ஆயர் ஈத்தாமில், அடுக்குமாடி வீட்டின் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். மகளுக்கு 14 மாதம், மகனுக்கு 4 வயது. மகளைக் கொசு கடித்தால் அந்த இடம் உள்ளங்கை அளவுக்குத் தடித்துச் சிவந்துவிடுகிறது. போன வாரம் காலையில் பார்த்தால் இமை வீங்கி ஒரு கண்ணைத் திறக்கவே முடியவில்லை. மகனுக்கு இரண்டு கால்களிலும் சொறிந்த புண், கறுப்புத் திட்டு. மாமியார் தைலம் தேய்க்கச் சொல்கிறார். இரவில் கொசுவலைக்குள்தான் படுக்க வைக்கிறோம். பிறகு எப்படிக் கடிக்கிறது? இது டிங்கியில் போய் முடியுமா?

பதில்: அன்புச் சகோதரி, வீக்கத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் உங்களை அதிகம் பயமுறுத்தியிருக்கிறது. கொசு கடிக்கும்போது, ரத்தம் உறையாமல் இருக்கத் தன் உமிழ்நீரைத் தோலுக்குள் செலுத்துகிறது. அந்த உமிழ்நீரில் உள்ள புரதங்களை உடல் எதிர்ப்பதால்தான் தடிப்பும் அரிப்பும் வருகின்றன. நமக்கு வயதாக ஆக உடல் அதற்குப் பழகிவிடுகிறது. கைக்குழந்தையின் உடலுக்கு அது புதிது. எனவே ஒரே கொசு உங்களைக் கடித்தால் சிறு புள்ளி, மகளைக் கடித்தால் பெரும் வீக்கம். இமையின் தோல் மெல்லியது, படுத்திருக்கும்போது நீர் அங்கே எளிதில் தேங்கும். காலையில் கண் மூடிக்கொண்டிருந்ததற்கு அதுவே காரணமாக இருக்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பள்ளி வயதில் இது தணிந்துவிடும்.

இந்த வீக்கத்துக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. கடித்த சில மணி நேரத்திலேயே தோன்றி, அரிப்போடு இருந்து, இரண்டு மூன்று நாளில் வற்றினால் அது ஒவ்வாமை. கடித்து ஓரிரு நாள் கழித்துச் சிவப்பு மேலும் மேலும் பரவி, தொட்டால் சூடாக இருந்து, குழந்தை வலியில் அழுது, காய்ச்சலும் சேர்ந்தால் அது கிருமித் தொற்று. அப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும். கண் வீக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, விழி முன்தள்ளினாலோ, விழியை அசைக்கும்போது வலித்தாலோ நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் வைத்திருங்கள். பனிக்கட்டியை நேரடியாகத் தோலில் வைக்க வேண்டாம். பிறகு கலமைன் லோஷன் தடவலாம். அரிப்பு அடங்காவிட்டால் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பை மெல்லியதாக நாளுக்கு இரண்டு முறை, சில நாள்களுக்கு மட்டும் பூசலாம். இமையிலும் புண்ணான தோலிலும் அது வேண்டாம். மகனுக்கு செட்டிரிசின் சிரப் கொடுக்கலாம், அளவைப் பார்மசியில் கேட்டுக்கொள்ளுங்கள். மகளுக்கு இரண்டு வயது ஆகவில்லை, ஆகவே மருத்துவர் சொல்லாமல் எந்த அரிப்பு மருந்தும் வாய்வழியாகக் கொடுக்கக்கூடாது. தூக்கம் வரவழைக்கும் பழைய வகைச் சளி, அரிப்பு சிரப்புகளைப் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மகனின் கால் பற்றி எழுதியிருந்தீர்கள். புதிதாக ஒரு கொசு கடித்தால், ஆறிக்கொண்டிருந்த பழைய கடிகளும் கூடவே தடித்துக் கிளம்பும். இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் இதை அடிக்கடி பார்க்கிறோம். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். புண்ணின் மேல் தேன் நிறத்தில் பொருக்குக் கட்டினால் அது சீழ்த்தொற்று, அதற்குத் தனி மருந்து உண்டு. கறுப்புத் திட்டு நம்மைப் போன்ற நிறத்தவருக்கு வருவது இயல்பு. சில மாதங்களில் தானாக மங்கும். அதற்காக வெள்ளையாக்கும் கிரீம் எதையும் பிள்ளையின் தோலில் தடவ வேண்டாம். பாதரசமும் கடுமையான ஸ்டீராய்டும் கலந்த கிரீம்கள் சந்தையில் பிடிபட்டுக்கொண்டேதான் இருக்கின்றன.

தைலம் பற்றி மாமியாரிடம் மரியாதையாகப் பேசிப் பாருங்கள். அவர் பிள்ளைகளை வளர்த்த அனுபவத்தில் சொல்கிறார், அதில் தவறில்லை. ஆனால் கற்பூரம், மெந்தால், யூகலிப்டஸ் கலந்த தைலங்கள் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆகாது. முகத்தருகே தடவினால் மூச்சுத் திணறல் வரலாம். கையில் பட்டதைக் குழந்தை நக்கி, கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரலாம்.

இப்போது, எப்படிக் கடிக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு. விடிந்த பின் சில மணி நேரமும், மாலையில் இருட்டுவதற்கு முந்திய சில மணி நேரமும் அதற்கு வேட்டை நேரம். இரவு முழுவதும் வலைக்குள் பத்திரமாக இருந்த குழந்தையைக் காலை பத்து மணிக்கு வலையில்லாத தூளியில் போட்டு ஆட்டுகிறோம். உங்கள் வீட்டில் தூளி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. நம் வீடுகளில் பெரும்பாலும் இருக்கும். தூளித் துணி குழந்தையின் முதுகிலும் தொடையின் பின்புறத்திலும் இறுக்கமாகப் படிந்திருக்கும். கொசு வெளியிலிருந்தே அந்த மெல்லிய துணியைத் துளைத்துக் கடித்துவிடும். மகளின் உடையைக் கழற்றிப் பாருங்கள். கடிகள் முதுகுப் பக்கமாக இருந்தால் காரணம் அநேகமாகத் தூளிதான். கம்பிச் சுருளிலிருந்து தரை வரை முழுத் தூளியையும் மூடும்படி, துணியைத் தொடாத அகலமான வலையைத் தொங்கவிடுங்கள். இந்த ஒரு மாற்றத்தை இந்த வாரமே செய்யுங்கள் என்று உங்களை வற்புறுத்தியே கேட்கிறேன்.

கொசுவர்த்திச் சுருள் வேண்டாம். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடும் அளவுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. சிறிய அடுக்குமாடி வீட்டில் அந்தப் புகை முழுவதும் குழந்தையின் நுரையீரலுக்குள் போகும். காற்றாடி நல்ல துணை, வேகமான காற்றில் கொசுவால் பறந்து வந்து உட்கார முடியாது. கைப்பட்டை, ஒலி எழுப்பும் கருவி ஆகியவற்றுக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

கொசு விரட்டி மருந்தை இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு எதுவுமே பூசக்கூடாது. உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் பூசலாம். டீட் அல்லது பிகாரிடின் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். டீட் 10 சதவீதம் என்றால் சுமார் இரண்டு மணி நேரம் காக்கும், 30 சதவீதம் என்றால் சுமார் ஐந்து மணி நேரம். குழந்தைகளுக்கு 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் என்று எழுதியிருந்தால் அது மூன்று வயதுக்கு மேல்தான், மகளுக்கு ஆகாது. மினியாக் செராய் எனும் எலுமிச்சைப்புல் எண்ணெய் வாசனையாக இருக்கும், ஆனால் அதன் காவல் சீக்கிரமே போய்விடும். மருந்தை உங்கள் கையில் எடுத்து, உடை மூடாத இடத்தில் மட்டும் பூசுங்கள். குழந்தையின் விரலில், கண், வாய் அருகில், புண்ணின் மேல் படக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போவது போன்ற நாள்களில் மருந்தோடு முழுக்கை, முழுக்கால் பருத்தி உடையும் இருக்கட்டும்.

மூன்றாவது மாடிக்குக் கொசு எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலும் வீட்டிலிருந்தேதான். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். பூஜை மாடத்துச் சொம்பு, மணி பிளாண்ட் வைத்த பாட்டில், தட்டு கவிழ்க்கும் அலமாரியின் அடித்தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் நீர் வடியும் தட்டு, துளசித் தொட்டியின் சாசர்: இவற்றை வாரம் ஒரு நாள் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் இல்லாமலே மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். குளியலறைத் தொட்டியில், கொசுப் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து போடுங்கள். புகை மருந்து அடிப்பது பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும்.

டிங்கியின் கடுமையான வகையான டிங்கி ரத்தக்கசிவுக் காய்ச்சல் இந்நாட்டில் முதன்முதலாகப் பதிவானது 1962-இல், நம் பினாங்கில். எனவே உங்கள் பயம் நியாயமானது. ஆனால் கடி எவ்வளவு வீங்கியது என்பதற்கும் டிங்கிக்கும் தொடர்பில்லை. கொசுவிடம் வைரஸ் இருந்ததா என்பதுதான் கேள்வி. அதைக் காய்ச்சல்தான் சொல்லும், பெரும்பாலும் கடித்த நான்கு முதல் பத்து நாளுக்குள். காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் மட்டும், எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. நம் பார்மசிகளில் 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பும் விற்கிறார்கள், லேபிளைப் பார்க்காமல் ஊற்றாதீர்கள். ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் இரண்டும் கூடவே கூடாது, ரத்தக்கசிவைத் தூண்டும்.

காய்ச்சல் தொடங்கிய நாளைக் காலண்டரில் குறித்துவையுங்கள். இரண்டாம் நாளும் விடாவிட்டால் ரத்தப் பரிசோதனைக்கு அருகிலுள்ள சுகாதார கிளினிக்குக்குப் போங்கள். மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விடும்போது, "அப்பாடா, சரியாகிவிட்டது" என்று பெற்றோர் கண்காணிப்பைத் தளர்த்திவிடுகிறார்கள். டிங்கியில் ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்குகிறது. விடாமல் வாந்தி, வயிற்று வலி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிடுவது, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது, ஆறு மணி நேரமாக டயப்பர் நனையாமல் இருப்பது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள். காய்ச்சல் எந்த நாள் தொடங்கியது, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது என்ற இரண்டையும் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.