ஒப்புக்கொண்டு கடைசியில் பின்வாங்கியவரைக் கான்டனீஸில் எப்படிச் சொல்வது?

மலையேற வருவதாகச் சொல்லிவிட்டு முந்தைய இரவு ஜகா வாங்கிய நண்பரை, ஹாங்காங்கில் பேசும் சீன மொழியான கான்டனீஸில் ‘ஜவ் லோ’ என்றதும் அவர் கோபித்துக்கொண்டதாகச் சொன்னீர்கள். அதில் வியப்பில்லை. ‘ஜவ் லோ’ கடன், வம்பு என்று எதிலாவது சிக்கித் தலைமறைவாகிறவருக்கான சொல். போலீசுக்குப் பயந்து ஓடினால் ‘ஜொக் ட்சோ’; அது இன்னும் கடுமை.

உங்களுக்கு வேண்டியது ‘சுக் சா’. இரண்டு அசைகளையும் உயர்ந்த சம சுரத்தில், அதாவது குரலை உயர்த்தி, ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லுங்கள். ‘சுக்’கின் ஈற்று ‘க்’கை வெடிக்கவிடாமல் வாயின் பின்பகுதியிலேயே அடைத்துவிடுங்கள். செயல் முடிந்ததைக் காட்டும் ‘ஜோ’ நடுவில்தான் வரும்: ‘கொய் சுக் ஜோ சா’, அவர் பின்வாங்கிவிட்டார்.

சொல்லாமலே வராமல் போயிருந்தால் ‘ஃபோங் ஃபேய் கேய்’. இதில் ஏமாந்தவரையும் நடுவில் செருக வேண்டும்: ‘ஃபோங் ங்ஓ ஃபேய் கேய்’, அதாவது என்னைக் காக்கவைத்து ஏமாற்றுவது. ‘ங்ஓ’ என்றால் ‘நான்’, ‘என்னை’ இரண்டும்தான். எல்லாமே பேச்சுவழக்கு, அலுவலக மின்னஞ்சலில் எழுதிவிடாதீர்கள்.