காலேஜ் முடிச்சு முதல் வேலைக்கு போறவங்க கேளுங்க, சொல்றேன்

கோயமுத்தூர்ல மெஷின் பார்ட்ஸ் பண்ற ஒரு கம்பெனில ட்ரெய்னிங் இன்சார்ஜா இருக்கேன், வருஷா வருஷம் ஜூலைல புதுப் பசங்க வந்து சேருவாங்க, அவங்க முழிக்கிற முழிய பாத்து பாத்துதான் இந்த கேள்வி பதில் எழுத உக்காந்தேன். வந்த கேள்வி எல்லாம் படிச்சேன், பாதிப் பேரு "இத கேட்டா தப்பா நெனப்பாங்களா"ன்னுதான் ஆரம்பிச்சிருக்கீங்க. நெனைக்க மாட்டாங்க, கேளுங்க.

அக்கா, ஆஃபர் லெட்டர்ல வருஷத்துக்கு 3,60,000 சிடிசின்னு போட்டிருக்கு. அப்போ மாசம் 30,000 வரும்தானே? வீட்ல அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன்.

வராதுப்பா, வீட்ல இன்னைக்கே மாத்திச் சொல்லிடு. சிடிசிங்கிறது உனக்காக கம்பெனி செலவு பண்ற மொத்தக் காசு, உன் கைக்கு வர்றது இல்ல. பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 15,000ன்னு வச்சுக்கோ. கம்பெனி உன் பேர்ல சேத்து வைக்கிற பிஎஃப், வைப்பு நிதி, அதுல 12 சதவீதம் 1,800, அது அந்த 30,000க்குள்ளயே இருக்கும். கிராஜுவிட்டின்னு, வேலைய விட்டுப் போறப்ப தர்ற பணிக்கொடைக்கு, ஒரு 720 இருக்கும், அது சாதாரணமா 5 வருஷம் முடிச்சாத்தான் வரும். வேரியபிள் பேன்னு, வேலையப் பாத்து கூடக் குறைய தர்ற காசு, வருஷத்துக்கு 30,000 போட்டிருந்தா மாசம் 2,500 அதுல போச்சு. மிச்சம் 24,980, அதுல உன் பங்கு பிஎஃப் இன்னொரு 1,800 பிடிப்பாங்க. ஆக கைக்கு 23,180, தொழில் வரி பிடிக்கிற மாசம் இன்னும் கொஞ்சம் கம்மி. பிஎஃப் உன் காசுதான், எங்கயும் போகாது, ஆனா ரூம் வாடகைக்கு அது உதவாதுல்ல? "மாசம் கைக்கு எவ்ளோ வரும், எது எதுக்கு எவ்ளோன்னு பிரிச்சு அனுப்புங்க"ன்னு எச்ஆருக்கு ஒரு மெயில் போடு. சேர்றதுக்கு முன்னாடி போடு.

மூணு வருஷம் பாண்டு, நடுவுல போனா 2 லட்சம் கட்டணும்னு இருக்கு அக்கா. பாண்டெல்லாம் கோர்ட்ல செல்லாதுன்னு சீனியர் சொல்றாரு, கண்ண மூடிட்டு கையெழுத்து போடலாமா?

போடாத. வேலைய விட்டப்புறம் வேற எங்கயும் சேரக்கூடாதுன்னு தடுக்கிறது 1872 ஒப்பந்தச் சட்டம் 27வது பிரிவுப்படி செல்லாது, சீனியர் அத மனசுல வச்சு சொல்லியிருப்பாரு. ஆனா 2025 மே மாசம் ஒரு பொதுத்துறை வங்கி கேஸ்ல, மூணு வருஷத்துக்குள்ள போனா 2 லட்சம்ங்கிற ஷரத்து செல்லும்னே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. எல்லா பாண்டும் அப்படியே செல்லும்னு அர்த்தம் இல்ல, தொகை நியாயமா இருக்கணும், ட்ரெய்னிங்குக்கு நெஜமா செலவு பண்ணியிருக்காங்களான்னெல்லாம் பார்ப்பாங்க. ஆனா கோர்ட்டுக்கு அலையிறது நீதான். ஒண்ணு மட்டும் கட்டாயம், ஒரிஜினல் சர்டிபிகேட்ட எவங்கிட்டயும் விட்டுட்டு வராத, காமிச்சிட்டு கையோட வாங்கிட்டு வந்துடு.

பேர்ல இனிஷியல் பிரச்சனை இருக்கு, இதெல்லாம் வேலைக்கு இடிக்குமா?

ரொம்ப இடிக்கும், நம்மூரு புள்ளைங்கள நான் பாத்த வரைக்கும் முதல் மாசம் நெறைய பேரு மாட்டுறது இதுலதான். மார்க்ஷீட்ல எஸ். கார்த்திக், ஆதார்ல வெறும் கார்த்திக், பேன் கார்டுல அப்பா பேரு விரிஞ்சு கார்த்திக் சுப்ரமணியன். மூணும் ஒரே ஆளுன்னு நமக்குத் தெரியும், சிஸ்டத்துக்கு தெரியாது, பிஎஃப் நம்பர் எடுக்கிறப்ப நிக்கும், பேங்க் அக்கவுண்ட்ல நிக்கும். ஃபைனல் செமஸ்டர்லயே மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுத்துக்கு எழுத்து பாருங்க, பிறந்த தேதியும் சேத்து. அந்த பிஎஃப் நம்பர், யுஏஎன்னு சொல்றது, ஆளுக்கு ஒண்ணுதான், அடுத்த கம்பெனிலயும் அதையே குடுக்கணும்.

பி.காம் முடிச்சிருக்கேன், எக்ஸ்பீரியன்ஸ் இல்லாம யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க மேடம். அப்ரண்டிஸ் போனா வேஸ்டா?

வேஸ்ட் இல்லம்மா. 1961 அப்ரண்டிஸ் சட்டத்துல பட்டதாரிகளுக்கு ஒரு வருஷ ட்ரெய்னிங் இருக்கு, நாட்ஸ்ன்னு சொல்வாங்க, இன்ஜினியரிங் மட்டும் இல்ல, ஆர்ட்ஸ் பசங்களும் சேரலாம். தென் மண்டல ஆபீஸ் சென்னை தரமணில இருக்கு. 2019 விதிப்படி டிகிரிக்கு குறைஞ்சபட்சம் மாசம் 9,000 ஸ்டைபண்டு, அதாவது உதவித்தொகைன்னு வச்சாங்க, அதுல பாதி மத்திய அரசோட பங்கு. முடிச்சதும் வேலை குடுத்தே ஆகணும்னு கம்பெனிக்கு கட்டாயம் இல்ல, அத தெரிஞ்சிட்டே போ. ஏற்கனவே ஒரு வருஷத்துக்கு மேல வேலை பாத்திருந்தா சேர முடியாது. பணம் கட்டு வேலை வாங்கித் தர்றேன்னு சொல்ற கன்சல்டன்சி பக்கம் மட்டும் போயிடாத.

தஞ்சாவூர்லேர்ந்து தாம்பரத்துக்கு வேலைக்கு போறேன் அக்கா, வீட்ல பயப்படுறாங்க, எங்க தங்குறது?

அரசோட தோழி விடுதி தாம்பரத்துலயும் இருக்கு, கூடுவாஞ்சேரிலயும் இருக்கு, வேலைக்குப் போற பொண்ணுங்களுக்குன்னே கட்டினது. அப்பா அம்மாவயும் கூட்டிட்டு போயி ஒருதடவ பாத்துட்டு வாங்க, அவங்க பயம் குறையும்.

வேலைல டவுட் வந்தா கேக்கவே பயமா இருக்கு அக்கா, இதுகூட தெரியாதான்னு சொல்லிடுவாங்களோன்னு.

இதுக்கு நடந்ததையே சொல்றேன். எங்க ஃப்ளோர்ல ஒரு தம்பி, நல்ல மார்க், அமைதியான பையன். ஒரு ஷாஃப்ட், அதாவது சுத்துற தண்டோட டிராயிங் குடுத்தோம், விட்டம் 25, பக்கத்துல ஜி6ன்னு போட்டிருக்கும். 24.980லேர்ந்து 24.993 மில்லிமீட்டருக்குள்ள வரணும்னு அதுக்கு அர்த்தம், அப்பத்தான் துளைக்குள்ள லூசா சுத்தும். அவனுக்கு அந்த ஜி6 புரியல, கேக்க கூச்சம், சரியா 25 வர்ற மாதிரி செட் பண்ணி ஓட்டிட்டான், அதுவும் எவ்ளோ சுத்தமா ஓட்டியிருந்தான் தெரியுமா, நாப்பது பீஸும் 25.00. அளவு சரி பாக்குற கேஜ்ல ஒண்ணுகூட போகல. சூப்பர்வைசர் திட்டக்கூட இல்ல, "முத பீஸ்லயே என்னை கூப்டிருந்தா ரெண்டு நிமிஷம்டா"ன்னாரு, பையன் கண்ணு கலங்கிடுச்சு. எனக்கும் மனசு கேக்கல, ஏன்னா கேக்கலாம்னு நாங்களும் அவங்கிட்ட வாய் விட்டு சொல்லல. அதுலேர்ந்து முத நாளே ஒரு சின்ன நோட்டு குடுத்துடுறோம், புரியாதத அதுல எழுதி மதியம் சாப்பாட்டுக்கு முன்னாடி கொண்டு வந்து கேக்கணும். மொத மூணு மாசம் நீ என்ன கேட்டாலும் யாரும் தப்பா எடுக்க மாட்டாங்க. "இதுவரைக்கும் புரிஞ்சுது, இந்த எடத்துல நிக்குது"ன்னு கேளு, அப்ப சொல்றவங்களுக்கும் சொல்ல வரும்.

மேடம், நான் ஒரு தகப்பன். பையன் வேலைக்கு சேந்து ரெண்டு மாசம்தான் ஆகுது, விட்டுட்டு வர்றேங்கிறான். என்ன சொல்லட்டும்?

ஐயா, எதுவும் சொல்றதுக்கு முன்னாடி வேலை புடிக்கலையா, ஆளு புடிக்கலையா, தங்குற எடம் புடிக்கலையான்னு மூணையும் தனித்தனியா கேளுங்க. எங்ககிட்ட வந்து போறேன்னு நின்னவங்கள்ல பல பேருக்கு பிரச்சனை நைட் ஷிப்டும் தூக்கமும் சாப்பாடும்தான், ரூம மாத்தினதும் சரியா போச்சு. நெஜமாவே மேலதிகாரி மோசமா நடத்துறாருன்னா கூட்டிட்டு வந்துடுங்க, அதுல யோசிக்கவே வேண்டாம். இந்த ஞாயித்துக்கிழமை வீட்டு சாப்பாடு கட்டிட்டு ஒரு எட்டு அவன் ரூமுக்கு போய்ட்டு வாங்க.