நியூ மெக்சிகோவின் டாசன் நிலக்கரி ஊரில் இன்று பார்க்க என்ன மிச்சம்?

கல்லறைத் தோட்டம்தான். 1950இல் சுரங்கம் மூடப்பட்டதும் ஊரைப் பிரித்து விற்றுவிட்டார்கள். சிமரோன், ரேட்டன் ஊர்களுக்கு இடையே செல்லும் 64ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து கிளைச்சாலையில் திரும்பி, சுமார் 8 கி.மீ. உள்ளே போக வேண்டும். சுற்றியுள்ளது தனியார் மேய்ச்சல் நிலம், வேலி தாண்டாதீர்கள்.

வரிசை வரிசையாக நிற்கும் வெள்ளை இரும்புச் சிலுவைகள் இரண்டு விபத்துகளின் சாட்சி. 1913 அக்டோபர் 22இல் 263 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இத்தாலி, கிரீஸ் நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஆட்கள் உள்ளே இருக்கும்போதே வெடி வைத்ததில் நிலக்கரித் தூசி பற்றிக்கொண்டது. முதல் வெடிப்பின் அதிர்ச்சி தரையில் கிடக்கும் தூசியைக் கிளப்பும், அதுவே அடுத்த வெடிப்புக்கு எரிபொருளாகும். தீ சுரங்கம் முழுக்கப் பாய்வது இப்படித்தான். தூசியை நீர் தெளித்து அடக்குவார்கள்; பின்னாளில் சுண்ணாம்புக்கல் பொடி தூவும் முறை பரவியது. 1923 பிப்ரவரி 8இல் தடம்புரண்ட சுரங்க வண்டியால் மறுபடி தூசி வெடித்து 120க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

மங்கிய பெயர்களைப் படிக்கக் காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் படமெடுங்கள். சுண்ணக்கட்டியால் தேய்க்கவே கூடாது, வண்ணப்பூச்சு உரிந்துவிடும். உறவினரைத் தேடுவோர் ஒரே பெயரைப் பல எழுத்துக்கூட்டலில் தேடிப் பாருங்கள். அயல்மொழிப் பெயர்களைப் பதிவேடுகளில் காதில் விழுந்தபடியே எழுதுவது அந்நாளில் சாதாரணம்.