வயதை விற்றவர்கள்

கேள்வி: அமெரிக்க நாட்டுப்புறப் பாடகி பிரெண்டா லீ 13 வயதில் பாடிய ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு, 65 ஆண்டுகள் கழித்து முதலிடத்துக்கு வந்ததாகப் படித்தேன். ‘குழந்தை நட்சத்திரம்’ என்ற கவர்ச்சியும் அதிர்ஷ்டமும் தவிர இதில் வேறென்ன இருக்கிறது? (வாசகர் ஒருவர், தஞ்சாவூர்)

பதில்: முதலில் ஒரு திருத்தம். ‘கண்ட்ரி’ இசையை நாட்டுப்புற இசை என்று பெயர்த்துவிடுவது நம் பத்திரிகைகளுக்குப் பழகிப்போன பிழை. எங்கள் பக்கங்களிலும் அது வந்திருக்கிறது. கிராமத்துப் பாட்டில் வேர்விட்டிருந்தாலும், லீ பாடத் தொடங்கிய காலத்தில் அது வானொலியையும் இசைத்தட்டு நிறுவனங்களையும் நம்பி நடந்த முழுநேரத் தொழிலாகிவிட்டது. அந்தத் தொழிலுக்குள் அவர் வந்தது கவர்ச்சிக்காக அன்று. ஜார்ஜியா மாநிலத்தில் தச்சு வேலை செய்துவந்த அவருடைய தந்தை 1953-இல் கட்டுமானப் பணியிடத்து விபத்தில் இறந்தபோது மகளுக்கு வயது எட்டு. பத்து வயதுக்குள் அந்தக் குடும்பத்துக்கு உலை வைப்பதே அவருடைய பாட்டுக் கூலிதான் என்றாகிவிட்டது. 1955-இல் அகஸ்டா நகரில் கண்ட்ரி பாடகர் ரெட் ஃபோலியின் மேடையில் ‘ஜம்பாலயா’ பாட வாய்ப்புக் கிடைத்ததும், அந்தக் குரலைக் கேட்ட ஃபோலி அவரைத் தொலைக்காட்சி வரை கொண்டுசென்றதும் அதன் பிறகு நடந்தவை.

நீங்கள் சொல்லும் கவர்ச்சி இருந்தது உண்மை. ஆனால் அதை விற்றவர்கள் பெரியவர்கள். அவருக்கு 11 வயதானபோது டெக்கா நிறுவனம் வெளியிட்ட முதல் இசைத்தட்டுகளில் ‘குட்டி பிரெண்டா லீ, வயது 9’ என்றே அச்சிட்டது. மூன்று ஆண்டுகள் கழித்துப் பாரிஸ் நகரின் ஒலிம்பியா அரங்கில் அவர் பாடவிருந்தபோது, குரலைக் கேட்டு முதிர்ந்த பெண் என்று நம்பியிருந்தவர்கள் சிறுமி என்றறிந்து தயங்க, அவர் 32 வயதான குள்ள உருவப் பெண் என்ற செய்தியை மேலாளரே பத்திரிகைகளில் கசியவிட்டு, பிறகு அதை மறுத்து, இரண்டு வகையிலும் விளம்பரம் தேடிக்கொண்டார். அடுத்த ஆண்டே கணக்குத் தலைகீழானது: கைகூடாத காதலைப் பாட 15 வயதுப் பெண்ணுக்கு முதிர்ச்சி போதாது என்று கருதிய அதே டெக்கா நிறுவனம் ‘ஐ’ம் சாரி’ பாட்டைப் பல மாதம் வெளியிடாமல் வைத்திருந்தது. கடைசியில் 1960-இல் அது வெளிவந்து, அமெரிக்கப் பாடல்களை வாரந்தோறும் வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஒரே தொண்டைக்கு ஒன்பது, முப்பத்திரண்டு, பதினைந்து என்று மூன்று விலைச்சீட்டுகள்!

அதிர்ஷ்டத்துக்கு வருவோம். நீங்கள் குறிப்பிடும் ‘ராக்கிங் அரௌண்ட் தி கிறிஸ்துமஸ் ட்ரீ’ 1958-இல் நாஷ்வில் நகரில் ஓவன் பிராட்லியின் தயாரிப்பில் பதிவானது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அதை வாங்க ஆளில்லை. ‘ஐ’ம் சாரி’ வெற்றிபெற்ற பிறகுதான், 1960 டிசம்பரில், அது முதன்முதலாகப் பட்டியலில் நுழைந்தது. அதாவது, பிற்காலத்துப் புகழுக்குக் குழந்தைப் பாட்டு காரணமாகவில்லை. பின்னால் வந்த பாட்டுதான் குழந்தைப் பாட்டைக் கரை சேர்த்தது. அதற்குப் பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. பாப் சந்தையில் அலை ஓய்ந்ததும் எழுபதுகளில் கண்ட்ரி இசைக்கே திரும்பி, அங்கும் வரிசையாக வெற்றிப் பாடல்களைத் தந்தார். 1997-இல் கண்ட்ரி இசையின் புகழ் மண்டபத்திலும் 2002-இல் ராக் இசையின் புகழ் மண்டபத்திலும் சேர்க்கப்பட்டு, இரண்டிலும் இடம்பெற்ற முதல் பெண் ஆனார்.

2023 டிசம்பரில் அந்தப் பழைய பாட்டு முதலிடம் பிடித்தபோது, 79-ஆவது பிறந்தநாளுக்குச் சில நாட்களே இருந்தன. பில்போர்டின் முதன்மைப் பட்டியலில் முதலிடம் கண்டவர்களில் மிக மூத்தவர் என்று உலகமே எழுதியது. அதாவது, நான்காவது முறையாக அவருடைய வயது செய்தியானது. பாட்டின் 65-ஆம் ஆண்டையொட்டி, அது முதலிடம் பிடிப்பதற்குச் சற்று முன் வெளியான காணொளியில், 13 வயதில் பதிவான தம் குரலுக்கு 78 வயதில் அவரே வாயசைக்கிறார். அதை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, பாடுபவரின் வயது என்ன என்று எங்களுக்கு எழுதுங்கள்.