தறி போன வீட்டில் தொடங்கலாமே

கேள்வி: நான் அருப்புக்கோட்டைக்காரி. பள்ளியில் கணக்கு ஆசிரியை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நெசவு. அதை நாவலாக எழுத வேண்டும் என்று நெடுநாள் ஆசை. கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து 40 அத்தியாயங்களுக்குத் திட்டம் போட்டு, நோட்டு நோட்டாகக் குறிப்பும் எடுத்துவிட்டேன். ஆனால் முதல் அத்தியாயத்தைத் தாண்ட முடியவில்லை. அதையே திருத்திக்கொண்டிருக்கிறேன். திட்டத்தில் கோளாறா? நெசவாளர்களைப் பற்றி ஏற்கெனவே நாவல்கள் இருக்கும்போது நான் புதிதாக என்ன எழுதிவிடப் போகிறேன்? சொந்தக்காரர்கள் கோபித்துக்கொண்டால் என்ன செய்வது? தாத்தா தறியைப் பிரித்து விற்ற பிறகும் அப்பத்தா ரொம்ப நாள் தறிக்குழியை மூட விடவில்லை. இதையெல்லாம் நாவலில் சேர்க்கலாமா என்றும் தெரியவில்லை.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கடைசியில் போகிற போக்கில் தறிக்குழியைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உங்கள் திட்டத்தில் அது முப்பதாவது அத்தியாயத்திலோ எங்கோ கிடக்கும் என்று நினைக்கிறேன். என்னைக் கேட்டால் அதுதான் முதல் அத்தியாயம்.

குழித்தறியில் நெய்கிறவர் காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதியை மிதிக்க வேண்டும். தறி போய்விட்டால் குழிக்கு வேலை இல்லை. ஆனாலும் அது வீட்டுக்குள் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. தவழ்கிற பிள்ளை விழுந்துவிடுமே என்று மருமகள் பலகை போட்டு மூடுகிறாள். அப்பத்தா பலகையை எடுத்துச் சுவரில் சாய்த்து வைக்கிறார். மகன் ஒரு வண்டி மண் கொண்டுவந்து வாசலில் கொட்டுகிறான், அதை உள்ளே அள்ளிப் போட யாருக்கும் துணிச்சல் இல்லை. வீட்டில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. வருகிறவர்களை எங்கே உட்கார வைப்பது? இத்தனைக்கும் நடுவில் தாத்தா வாயே திறப்பதில்லை. ஏன்?

இது நானாகக் கட்டியது. உங்கள் வீட்டில் நடந்தது வேறாக இருக்கும், இதைவிட நன்றாகவும் இருக்கும். நான் சொல்ல வருவது, இந்த இடத்தில் நின்றால் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. தறி யாருக்குப் போனது? கடனுக்கா, மகனை நம்பியா? அந்த மகன் இப்போது எங்கே கூலிக்குப் போகிறான்? பதில் தேடும்போது கொள்ளுத்தாத்தா தேவைப்பட்டால் வரட்டும். தேவைப்படாவிட்டால் அவர் நோட்டிலேயே இருக்கட்டும். மூன்று தலைமுறை என்பது கால அளவுதான். அந்த வீட்டில் ஒருவருக்கு ஒன்று வேண்டியிருந்து, இன்னொருவர் அதை விடமாட்டேன் என்று நிற்கும்போதுதான் கதை பிறக்கிறது.

ஆரம்பத்தைத் தேடிப் பின்னால் போய்க்கொண்டே இருப்பது பெரியவர்களுக்கும் வந்த வியாதிதான். டால்ஸ்டாய் முதலில் எழுத உட்கார்ந்தது, 1856இல் சைபீரியாவிலிருந்து திரும்பி வரும் ஒரு டிசம்பர் புரட்சிக்காரரைப் பற்றி, அதாவது 1825 டிசம்பரில் ஜார் மன்னருக்கு எதிராகக் கிளர்ந்து நாடுகடத்தப்பட்டவர்களில் ஒருவரைப் பற்றி. அவரைப் புரிந்துகொள்ள 1825 கிளர்ச்சிக்குப் போனார். அங்கிருந்து அந்தப் புரட்சிக்காரரின் இளமைக்காலமான 1812க்கு, அப்புறம் 1805க்கு. ‘போரும் அமைதியும்’ 1805இல் தொடங்கி 1820இல் முடிந்துவிடுகிறது. எழுத நினைத்த 1856 அதில் வரவே இல்லை. டால்ஸ்டாய்க்குப் பண்ணை இருந்தது, பிரதியெடுத்துக் கொடுக்க மனைவி இருந்தார். உங்களுக்குக் காலையில் முதல் பீரியட் இருக்கிறது.

திட்டமே வேண்டாம் என்று சொல்லவில்லை. 40 அத்தியாயத் திட்டத்தை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு, ஒரு பெரிய தாளில் கட்டம் போடுங்கள். மேலே வருடங்கள், இடப்பக்கம் ஆட்கள், கட்டத்துக்குள் அந்த வருடம் அவருக்கு என்ன வயது. கணக்கு டீச்சருக்கு இது விளையாட்டு. தலைமுறைக் கதைகளில் அதிகம் சொதப்புவது வயதுதான். அம்மாவுக்கும் மூத்த மகனுக்கும் பத்து வயது வித்தியாசம் வந்து நிற்கும், அச்சாகும்வரை யாரும் கவனிக்க மாட்டார்கள். அப்புறம் முடிவு எப்படி இருக்கலாம் என்று ஒரே ஒரு வரி. அது பின்னால் மாறும், மாறட்டும். அடுத்த இரண்டு மூன்று அத்தியாயங்களில் என்ன நடக்கும் என்பது மட்டும் தெளிவாக இருந்தால் போதும். அதற்கு மேல் திட்டமிட்டால் எழுதும்போது உங்களுக்கே சுவாரசியம் போய்விடும்.

எடுத்த குறிப்புகள் வீண் இல்லை. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி எழுதுவதற்கு முன் அங்கேயே போய், அவர்களோடு பழகித்தான் விவரம் சேர்த்தார். ஆனால் சேர்த்த விவரம் கதைக்குள் வேலை செய்ய வேண்டும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் தெருவில் பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) நீட்டிக் கஞ்சி போட முடியாது, தறிக்குழியில் ஈரம் ஊறும், வேலை நிற்கும், வீட்டில் கடன் ஏறும். இது தெரிந்தால் உங்கள் கதையில் கடன்காரர் எந்த மாதம் வாசலுக்கு வருவார் என்பது தானாகவே முடிவாகிவிடுகிறது. 1985இல் சில துணி ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கிச் சட்டம் வந்தது. அதை ஒரு பாத்திரம் பேப்பர் பார்த்து ஒரு பக்கத்துக்கு விளக்கினால் வாசகர் தாண்டிப் போய்விடுவார். சட்டம் வந்த பிறகும் அதே ரகம் அடுத்த தெரு விசைத்தறியில் ஓடுகிற சத்தம் தாத்தா காதில் விழட்டும், விளக்கவே வேண்டாம். (ஒரு வேண்டுகோள்: நாவல் எழுதுவதை நெசவுக்கு ஒப்பிட்டு முன்னுரை எழுதிவிடாதீர்கள். ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள்.)

ஏற்கெனவே எழுதிவிட்டார்கள் என்கிறீர்கள். ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ 1953இல் வந்தது. நெசவாளர்களின் பஞ்சமும் போராட்டமும்தான் அதில் பெரிதாக நிற்கும். எம்.வி. வெங்கட்ராமின் ‘வேள்வித் தீ’யும் நெசவாளி கதைதான். அது கும்பகோணத்துச் சௌராஷ்டிர நெசவாளி ஒருவனின் மணவாழ்க்கைச் சிக்கலுக்குள் போகிறது. தொழில் ஒன்று, இரண்டும் வேறு வேறு உலகம். இரண்டையும் படியுங்கள். இரண்டிலும் உங்கள் அப்பத்தா இல்லை.

இனி அந்த முதல் அத்தியாயம். அதைத் திருத்தாதீர்கள். நாவல் முடிந்த பிறகு எப்படியும் அதை மறுபடி எழுதத்தான் போகிறீர்கள், இப்போது மெருகேற்றுவது வீண் உழைப்பு. மனதில் தெளிவாகத் தெரிகிற காட்சியை முதலில் எழுதுங்கள், வரிசை அப்புறம். தினமும் எழுந்து உட்காரும்போது வெற்றுத் தாளைப் பார்க்காமல் இருக்க ஒரு வழி: முந்தைய நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அடுத்து யார் என்ன சொல்லப் போகிறார் என்பது தெரிந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

சொந்தக்காரர்கள் விஷயம். முதல் வரைவில் உண்மைப் பெயரையே வைத்து எழுதுங்கள், கை தடையில்லாமல் ஓடும். அந்த நோட்டு வீட்டில் யார் கையிலும் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வரைவில் பெயரை மாற்றுங்கள். ஆனால் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. சித்தப்பா தன்னை அடையாளம் காண்பது பெயரால் இல்லை, வெற்றிலை மடிக்கிற விதத்தால், பேசும்போது இழுக்கிற ஒரு சொல்லால். அவர் வாங்கிய கடன் கதைக்கு வேண்டும் என்றால் கடனை வைத்துக்கொண்டு வெற்றிலையை வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். புதுப் பெயர் வைக்கும்போது முத்தையா, முருகன், முனியாண்டி என்று மூன்று பேர் ஒரே வீட்டில் வந்துவிடக் கூடாது, வாசகர் திணறிப்போவார். குலசாமி பெயரையே வழிவழியாக வைக்கிற குடும்பத்தில் இது சிரமம்தான். பட்டப்பெயர்கள் இருக்கின்றனவே, தாராளமாகப் பயன்படுத்துங்கள்.