சீரியல் போர்ட்டில் எடை பாதியாக வருவது ஏன்?

கேள்வி: எடை இயந்திரத்தை யூஎஸ்பி-சீரியல் கேபிளில் இணைத்துப் பைத்தானில் படிக்கிறேன். பெரும்பாலும் 12.50 என்று சரியாக வருகிறது. நடுநடுவே 1 என்றும், அடுத்து 2.50 என்றும் வருகிறது. கேபிள் கோளாறா?

கேபிள் மேல் பழி போட வேண்டாம். பாட் ரேட் (தரவு அனுப்பும் வேகம்) இரு பக்கமும் பொருந்தாவிட்டால் புரியாத குப்பை எழுத்துகள் வரும். உங்களுக்கு எழுத்துகள் சரியாகத்தான் வருகின்றன, ஆனால் துண்டாகி வருகின்றன.

சீரியல் போர்ட்டுக்கு வரி, செய்தி எதுவும் தெரியாது, வெறும் பைட்டுகள்தான். 9600 பாட், 8-என்-1 (8 தரவு பிட், பிழை சோதிக்கும் பிட் இல்லை, 1 ஸ்டாப் பிட்) அமைப்பில் ஒரு பைட்டுக்கு ஸ்டார்ட், ஸ்டாப் சேர்த்து 10 பிட், அதாவது விநாடிக்கு 960 பைட். 18 பைட் கொண்ட ஒரு வரி வந்து முடிய ஏறக்குறைய 19 மில்லிவிநாடி ஆகும். நிரலுக்கு அது நெடுநேரம். இடையில் எட்டிப் பார்த்தால் அதுவரை வந்தது மட்டுமே கிடைக்கும். போதாததற்கு யூஎஸ்பி சிப்பும் பைட்டுகளைச் சேர்த்துவைத்துக் கட்டுக்கட்டாகத் தள்ளும். எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப்பில் இதற்கான லேட்டன்சி டைமர் (காத்திருக்கும் நேரம்) வழக்கமாக 16 மில்லிவிநாடி. அதனால் வரி ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் அறுபடும்.

படிக்கும் முன் ஸ்லீப் போட்டு நிரலைச் சற்றுக் காக்கவைத்தால் சரியாகும் என்பார்கள். சரியானதுபோலத் தெரியும், அவ்வளவுதான். நிரலில் சொந்தமாக ஒரு பஃபர், அதாவது பைட்டுகளைச் சேர்த்துவைக்கும் இடம், வையுங்கள். வருவதையெல்லாம் அதன் வாலில் சேருங்கள். நியூலைன் (வரி முடிவைக் குறிக்கும் எழுத்து) தென்பட்டால் அதுவரை உள்ளதை மட்டும் வெட்டி எடுங்கள். முதல் ரீட்டில் "+0001" வந்தது, அடுத்ததில் "2.50", நியூலைன், "+00" வந்தன என்று வைத்துக்கொள்வோம். சேர்த்து வெட்டினால் "+00012.50" கிடைக்கும், "+00" பஃபரில் மிஞ்சும். பலர் சறுக்குவது இங்கேதான்: மிச்சத்தை அழித்துவிடுவார்கள், அடுத்த வரி தலையில்லாமல் வரும்.

சீரியல் போர்ட்டுக்கான பைத்தான் நூலகமான பைசீரியலின் ரீட்லைனை (ஒரு வரியைப் படிக்கும் கட்டளை) நம்பினாலும், காத்திருக்கும் நேரம் முடிந்து டைம்அவுட் ஆனால் அது பாதி வரியையே தந்துவிடும், பிழை எதுவும் எழுப்பாது. கடைசி பைட் நியூலைன்தானா என்று பார்த்துவிட்டே எண்ணாக மாற்றுங்கள்.

போர்ட்டைத் திறந்ததும் கிடைக்கும் முதல் வரியைத் தயங்காமல் தூக்கிப் போடுங்கள். இயந்திரம் பாதி வரி அனுப்பிக்கொண்டிருக்கும்போதுகூட நீங்கள் உள்ளே நுழைந்திருக்கலாம். "2.50" என்பது தனியே பார்த்தால் சரியான எடைதானே, நிரல் எப்படிச் சந்தேகப்படும்?