சங்கத் தலைவர் மறைவுக்குத் தேசியக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடலாமா?

கேள்வி: எங்கள் குடியிருப்பு வளாகத்தில் 25 அடி உயரக் கொடிக்கம்பம் இருக்கிறது. தினமும் தேசியக் கொடி ஏற்றுகிறோம். நலச்சங்கத்தைத் தொடங்கிவைத்த தலைவர் சென்ற வாரம் காலமாகிவிட்டார். அவர் முன்னாள் ராணுவ வீரர். வரும் ஞாயிற்றுக்கிழமை நினைவேந்தல் கூட்டம் வைத்திருக்கிறோம். அன்று முழுக்கக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட வேண்டும் என்று பலரும் சொல்கிறார்கள். செய்யலாமா? பொதுவாக எந்தெந்தச் சமயத்தில் செய்யலாம், எப்படிச் செய்ய வேண்டும்?

பதில்: செய்யக் கூடாது. உங்கள் தலைவர் மீது நீங்கள் வைத்திருக்கும் மரியாதை கேள்வியிலேயே தெரிகிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கொடி உச்சியில்தான் பறக்க வேண்டும்.

அரைக்கம்பத்தில் பறக்கவிடுவது துக்கத்தைக் காட்டும் ஒரு நல்ல வழக்கம், யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இந்தியாவில் அப்படி இல்லை. 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தில், எதெல்லாம் கொடிக்கு அவமரியாதை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அரசின் அறிவுறுத்தல்படி பொதுக் கட்டடங்களில் கொடி அரைக்கம்பத்தில் பறக்கும் சமயங்கள் தவிர, மற்ற நேரங்களில் அப்படிப் பறக்கவிடுவதும் அந்தப் பட்டியலில் வருகிறது. தண்டனை 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கூட்டத்தில் யாராவது "மரியாதைக்காகத்தானே செய்கிறோம், இதில் என்ன தப்பு?" என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் வேண்டும் அல்லவா?

2004-இல் நவீன் ஜிண்டால் வழக்கில், கொடியைப் பறக்கவிடுவது குடிமக்களின் கருத்துரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, அந்த உரிமை கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்றும் சொன்னது. அதாவது கொடியை ஏற்றுவது உங்கள் உரிமை, பாதியில் நிறுத்துவது உங்கள் முடிவு அல்ல. இந்த ஏற்பாடு எனக்குச் சரியாகவே படுகிறது. கொடி பாதியில் நிற்பதைப் பார்க்கும் வழிப்போக்கருக்கு, நாடோ மாநிலமோ துக்கத்தில் இருக்கிறது என்று புரிய வேண்டும். தெருவுக்குத் தெரு அவரவர் துக்கத்துக்காக இறக்கத் தொடங்கினால், அந்தச் செய்தி யாருக்கும் போய்ச் சேராது.

சரி, எப்போது செய்யலாம்? 2002-ஆம் ஆண்டின் இந்தியக் கொடி விதித்தொகுப்பு, யார் மறைந்தால் எந்த இடங்களில் என்று வரையறுத்திருக்கிறது. குடியரசுத் தலைவர், துணைக் குடியரசுத் தலைவர், பிரதமர் ஆகியோர் மறைந்தால் இந்தியா முழுவதும். மக்களவைத் தலைவர், இந்தியத் தலைமை நீதிபதி என்றால் டெல்லியில் மட்டும். மத்திய கேபினட் அமைச்சர் என்றால் டெல்லியிலும் மாநிலத் தலைநகரங்களிலும். மத்திய இணை அமைச்சர், துணை அமைச்சர் என்றால் மறுபடி டெல்லி மட்டும். ஆளுநரோ முதலமைச்சரோ மறைந்தால் அந்த மாநிலம் முழுவதும், மாநில கேபினட் அமைச்சர் என்றால் அந்த மாநிலத் தலைநகரில்.

இதில் இடம்தான் முக்கியம். மத்திய கேபினட் அமைச்சர் ஒருவர் மறைந்தால் சென்னையில் கொடி இறங்கும், மதுரையில் இறங்காது. தொலைக்காட்சியில் டெல்லிக் கட்டடங்களைப் பார்த்துவிட்டு உங்கள் வளாகத்தில் கயிற்றை அவிழ்த்துவிடாதீர்கள். மரணச் செய்தி பிற்பகலில் வந்தால், குறிப்பிட்ட அந்த இடங்களில் மறுநாளும் அரைக்கம்பம்தான், மறுநாள் சூரிய உதயத்துக்கு முன்பே இறுதிச் சடங்கு முடிந்திருந்தால் தவிர. இறுதிச் சடங்கு நடக்கும் ஊரில் அந்த நாளும் அரைக்கம்பம்.

பட்டியலில் முன்னாள் பிரதமர், முன்னாள் முதலமைச்சர், கலைஞர்கள், வெளிநாட்டுத் தலைவர்கள் யாரும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அவர்களுக்கெல்லாம் அரசு தனியாக அறிவிப்பு வெளியிடும். 2015-இல் அப்துல் கலாம் மறைந்தபோது 7 நாள் அரசுமுறைத் துக்கம் அறிவிக்கப்பட்டது. லதா மங்கேஷ்கருக்கு 2022 பிப்ரவரியில் 2 நாள். அதே ஆண்டு இரண்டாம் எலிசபெத் ராணிக்காக செப்டம்பர் 11 அன்று ஒருநாள். போப் பிரான்சிஸ் மறைவுக்கு 2025 ஏப்ரலில் 3 நாள், அதில் ஒன்று இறுதிச் சடங்கு நடந்த நாள். ஒவ்வொன்றுக்கும் அறிவிப்பில் எந்த நாட்கள், எந்த இடங்கள் என்று எழுதியிருக்கும். மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலத் தலைமைச் செயலாளர்களுக்கு அனுப்பும் தகவலும், மாநில அரசின் செய்திக்குறிப்பும்தான் உங்களுக்கு ஆதாரம். வாட்ஸ்அப்பில் வருவதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

அந்த அறிவிப்புகளில் தவறாமல் வரும் ஒரு சொற்றொடர் உண்டு: "வழக்கமாகக் கொடி பறக்கும் கட்டடங்களில்". நீங்கள் தினமும் ஏற்றுகிறவர்கள் என்பதால், பொதுக் கட்டடங்களில் கொடி இறங்கும் நாளில் நீங்களும் இறக்கலாம். சுதந்திர தினத்துக்கு மட்டும் கொடியேற்றும் வளாகங்கள், துக்கம் காட்டுவதற்கென்றே கொடியை வெளியே எடுத்து ஏற்ற வேண்டியதில்லை.

துக்க அறிவிப்பு இருந்தாலும் கொடி இறங்காத நாட்களும் உண்டு. குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, ஏப்ரல் 6 முதல் 13 வரையிலான தேசிய வாரம், மாநிலம் உருவான நாள், அரசு அறிவிக்கும் பிற தேசியக் கொண்டாட்ட நாட்கள். தேசிய வாரம் என்பது 1919 ஏப்ரல் 6 கடையடைப்பில் தொடங்கி 13-ஆம் தேதி ஜாலியன்வாலா பாக் படுகொலை வரையிலான நாட்களின் நினைவாக வைத்தது. இந்த நாட்களில், உடல் வைக்கப்பட்டிருக்கும் கட்டடத்தில் மட்டும் கொடி பாதியில் நிற்கும். உடலை எடுத்துச் சென்றதும் அந்தக் கொடியும் உச்சிக்குப் போய்விடும்.

2018 ஆகஸ்ட் மாதத்தை நினைத்துப் பாருங்கள். 7-ஆம் தேதி கருணாநிதி மறைந்தார், தமிழ்நாட்டில் 7 நாள் துக்கம். அது முடிந்து 15-ஆம் தேதி கொடி உச்சியில் பறந்தது. மறுநாளே வாஜ்பாய் மறைந்தார், 22-ஆம் தேதி வரை மறுபடி அரைக்கம்பம். கொடியைக் கையாள்பவர் நாள்காட்டியையும் அறிவிப்பையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

அப்புறம், ஜனவரி 30 பற்றியும் பலர் கேட்பதுண்டு. தியாகிகள் தினத்தன்று காலை 11 மணிக்கு 2 நிமிடம் மௌனம் காக்க வேண்டும். விதித்தொகுப்பின் அரைக்கம்பப் பட்டியலில் அந்த நாள் இல்லை.

செய்முறைக்கு வருகிறேன். தவறு அதிகம் நடப்பது இங்கேதான். கொடியைக் கட்டி, நேராகப் பாதி உயரம் வரை இழுத்து முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். அது சரியல்ல. முதலில் வழக்கம்போல விறுவிறுவென்று உச்சி வரை ஏற்ற வேண்டும். உச்சியில் ஒரு கணம் நிற்கட்டும். அதன் பிறகு மெதுவாகப் பாதிக்கு இறக்க வேண்டும். மாலையில் இறக்கும்போதும் அப்படியே, பாதியிலிருந்து மறுபடி உச்சிக்கு ஏற்றிவிட்டுத்தான் கீழே கொண்டுவர வேண்டும். 2022 ஜூலையில் செய்த திருத்தத்துக்குப் பிறகு திறந்தவெளியில் இரவிலும் கொடி பறக்கலாம் என்றாகிவிட்டதால், சில வளாகங்களில் மாலையில் இறக்குவதில்லை. அவர்களும் துக்கக் காலம் முடிந்ததும் முதலில் உச்சிக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

பாதி என்பது எது? கம்பத்தைத் தாங்க இழுகயிறு கட்டியிருந்தால், உச்சிக்கும் அந்தக் கயிறு கட்டிய இடத்துக்கும் நடுவில். இழுகயிறு இல்லையென்றால் கம்பத்தின் பாதி. உங்கள் 25 அடிக் கம்பத்தில் இழுகயிறு இல்லையென்றால் ஏறத்தாழ பன்னிரண்டரை அடி. கயிற்றில் அந்த அளவுக்கு ஒரு சின்ன நூல் கட்டி அடையாளம் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் கண்ணளவில் தேட வேண்டாம். சுதந்திர தினத்தன்று பூவிதழ்களை உள்ளே வைத்து மடித்து, உச்சியில் போய் அவிழ்வது மாதிரி கட்டுவோமே, துக்க நாளில் அது வேண்டாம். விரித்த கொடியாகவே ஏற்றுங்கள்.

கொடியில் கருப்பு ரிப்பன் கட்டுவது இன்னொரு பழக்கம். ஊர்வலத்திலோ அணிவகுப்பிலோ எடுத்துச் செல்லும் கொடிக்கு, கம்பத்தின் முனையில் இரண்டு கருப்புப் பட்டைகள் கட்ட விதித்தொகுப்பு இடம் தருகிறது, அதுவும் அரசு உத்தரவு இருந்தால் மட்டும். உங்கள் கம்பத்தில் கட்ட வேண்டாம். கொடியின் மேலோ கம்பத்தின் உச்சியிலோ பூ, மாலை எதுவும் வைக்கவும் கூடாது. பால்கனியில் கயிறு இல்லாத சின்னக் கம்பு வைத்திருப்பவர்கள், கொடியைக் கம்பின் நடுவில் கட்டிப் பார்க்காமல் விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

உங்கள் தலைவர் முன்னாள் ராணுவ வீரர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மற்ற குடும்பங்களுக்கும் இந்தச் சந்தேகம் வரும். உடல் மீது தேசியக் கொடி போர்த்துவது அரசு மரியாதை, ராணுவ அல்லது துணை ராணுவ மரியாதையுடன் நடக்கும் இறுதிச் சடங்கில் மட்டுமே. அப்போது காவி நிறம் தலைப்பக்கம் இருக்க வேண்டும். கொடியைக் குழியிலும் இறக்கக் கூடாது, சிதையிலும் வைக்கக் கூடாது. அந்த மரியாதை இல்லாத இறுதிச் சடங்கில் வீட்டார் தாங்களே கொடி வாங்கிப் போர்த்தினால், அதுவும் மேலே சொன்ன சட்டத்தின் பட்டியலில் வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யலாம்? காலையில் எல்லோரும் கம்பத்தடியில் கூடுங்கள். அவர் குடும்பத்தில் ஒருவரைக் கொடியேற்றச் சொல்லுங்கள், உச்சி வரை. ஒரு படைவீரருக்கு அதைவிடப் பொருத்தமான மரியாதை எனக்குத் தோன்றவில்லை. அதன் பிறகு கூட்ட அரங்கில் படத்துக்கு மாலை, மௌன அஞ்சலி, சட்டையில் கருப்புப் பட்டை என்று உங்கள் விருப்பப்படி செய்யலாம். சங்கத்துக்கென்று சொந்தக் கொடி இருந்தால் அதை அரைக்கம்பத்தில் விடுவதில் தடையில்லை. தேசியக் கொடிக்குப் பக்கத்தில் சமமாக வராமல், அதைவிடத் தாழ்வான வேறு கம்பத்தில், கொஞ்சம் தள்ளி இருக்கட்டும்.